ஊசி படாத தாள்

பண்டாரவளையில் நான் நடத்திய பார்ச்மென்ட் என்ற ஒளி கசியும் தாளில் அலங்காரம் செய்யும் வகுப்புக்குப் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள். தாளைத் திருப்பிப் போட்டு, உருண்டை முனைக் குச்சியால் மெல்ல மெல்லத் தேய்த்தால்தான் கோடு வெள்ளையாகப் புடைக்கும்; அழுத்தினால் கிழியும். எல்லாரும் கிழித்தார்கள், அவரைத் தவிர. ஒவ்வொரு தேய்ப்புக்கும் தாளை ஊதிக்கொண்டார், புண்ணுக்கு ஊதுவது போல.

மற்றவர்கள் பூவைப் பிரதியெடுத்தார்கள். அவர் எடுத்தது, மகள் தன் கையைக் பள்ளிக் கொப்பியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருந்த கோட்டை.

"இனி லேஸ் மாதிரி ஓட்டை விழ, ஓரத்தைச் சுத்தி ஊசியால குத்துங்க," என்றேன்.

"வேணாங்க டீச்சர். ஆஸ்பத்திரியில அந்தக் கையில குத்தாத எடமில்லீங்க. சாகுற வரைக்கும் குத்துனாங்க."

மற்றவர்கள் குத்தத் தொடங்கினார்கள். அந்தச் சின்னக் கையை அவர் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார்.