ரிஷப ராசிக்காரியின் தேள்

என் வலது முன்கையில் ஒரு தேள் இருக்கிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வாலை வளைத்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் முதுகு நெடுக எறும்புத் தலை அளவில் சின்னச் சின்னப் புள்ளிகள், அவை நட்சத்திரங்களாம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் போதும், பக்கத்தில் நிற்கும் அக்கா யாராவது குனிந்து பார்த்துவிட்டு, "விருச்சிக ராசியாம்மா?" என்று கேட்காமல் இறங்கமாட்டார்கள். "இல்லக்கா, ரிஷபம்" என்பேன். அப்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்கவேண்டும்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிறவள் தனக்கும் குத்திக்கொண்டால் என்ன என்று படிப்பு முடித்த வருடம் தோழி ஒருத்தி கிளப்பிவிட்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் டாட்டூ கடை. சுவர் முழுக்கப் பன்னிரண்டு ராசிகளையும் வரைந்து மாட்டியிருந்தார் கடைக்காரர். ஒவ்வொன்றும் மூன்று விதம்: உருவம் ஒன்று, கோட்டுக் குறி ஒன்று, நட்சத்திரங்களைப் புள்ளி வைத்து இணைத்தது ஒன்று. கும்பத்தில் குடத்தையே காணோம், இரண்டு அலைக்கோடுகள்தான் இருந்தன. மகரத்துக்கு ஆட்டுத் தலையும் மீன் வாலும். எங்கள் வீட்டுக் காலண்டரில் அது முதலை மாதிரி இருக்கும். துலாம் மட்டும் எந்த ஊரானாலும் தராசுதான் போல.

"பொறந்த தேதி சொல்லுங்க" என்றார். சொன்னேன். நவம்பர் தொடக்கம். தேள் என்று போனில் காட்டினார். கீழே அர்த்தமும் போட்டிருந்தது: பிடிவாதம், சட்டென்று கோபம், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வது, ஒருவரைப் பிடித்துவிட்டால் கடைசிவரை விடாதது. அட, என்னைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதின மாதிரி இருந்தது. என் ஜாதகப்படி நான் ரிஷபம், ரோகிணி. பொறுமைசாலி, இனிமையாகப் பேசுவார் என்று காலண்டரில் போட்டிருப்பதைப் படித்தால் என் அம்மாவே சிரிப்பார். நம் ஊர்க் கணக்கு பிறந்த நேரத்து நிலாவை வைத்து. போன் கணக்கு பிறந்த தேதியின் சூரியனை வைத்து. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் தேளைக் கேட்டேன். உருவமும் வேண்டும், நட்சத்திரமும் வேண்டும் என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டார். "எவளாச்சும் தேளப் போயிக் குத்துவாளா? பூவு இல்லையா, மயிலு இல்லையா ஒலகத்துல?" அப்பா கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தேன் வரஞ்சிருக்கான்" என்றார். அப்பா சிறுமலை பஸ் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் ஹாரன் அடித்துப் பழகியதாலோ என்னவோ, வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வம். அவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

சில வருடம் கழித்து பாலசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்பு உள்ள குடும்பம், மாப்பிள்ளைக்குப் பழனியில் சொட்டுநீர்க் குழாய் கடை. ஜாதகம் பொருந்திவிட்டது. இரு வீட்டுக்கும் தெரிந்தே போனில் பேசிக்கொண்டோம். நான் கோபப்பட்டால் அவர் சிரிப்பார். சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அவரை எனக்குப் பிடித்துப்போனது. இதை ஏன் மறைக்கவேண்டும்?

பெண் பார்க்க அவரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் வரவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர் அவர். வழியில் வண்டி கவிழ்ந்து கால் நொறுங்கிப்போய், வருடம் திரும்பியும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார் என்று சொன்னார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் உண்டு. பேச்சு அவரைப் பற்றி வந்ததும் அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

காபித் தட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். காபியோடு தேளும் அந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே போய் நின்றது. டம்ளரை எடுத்தவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"ராசி ரிஷபம்னுதானுங்களே சொன்னீங்க?"

"ஆமாங்க. ரிஷபம், ரோகிணி" என்றார் அப்பா.

"அப்பறம் புள்ள கையில தேளு இருக்குதுங்களே."

"அத்த, அது இங்கிலீஷ் ராசி" என்றேன் நான்.

"ராசில இங்கிலீஷென்ன, தமிழென்ன கண்ணு? நெலா ஒண்ணுதான."

"அது நெலாவ வச்சு இல்ல, சூரியன வச்சு."

"சூரியனும் ஒண்ணுதானுங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவேயில்லை. "ஊரு ஒலகத்துல நடக்கறதுதானுங்க. கேட்டை நட்சத்திரம்னா மூத்தவன் இருக்கற ஊட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு மாத்தி எழுதறாங்க. எம்பட மூத்தவன் இப்பத்தானுங்க எந்திரிச்சு நிக்கறான்."

விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விருச்சிக ராசிக்குள் கேட்டை நட்சத்திரம் வருகிறது. அந்த நட்சத்திரத்தில் பிறந்தவள் வந்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. என் கையில் இருப்பதுதான் நிஜ ராசி, அப்பா கொடுத்தது திருத்திய ஜாதகம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "ஜாதகம் பாத்துக் கட்டுறவுங்க ஜாதகத்தப் பாருங்க. என் கையில என்னா பார்வ? எங்கப்பாவப் பாத்தா பொய் சொல்ற ஆளு மாதிரியா இருக்கு?" என்று கத்திவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து என் தோளைப் பிடித்தார். "போயிக் கலந்துக்கிட்டுச் சொல்லறமுங்க" என்று எழுந்தார்கள். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே இல்லை.

அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "இம்புட்டு வருசத்துல ஒருத்தரும் என்னயப் பாத்து இந்த வார்த்த கேட்டதில்ல" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கல்யாணம் நின்றுபோனால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பாவின் பேர் கெட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். "அம்மா கோவத்துல பேசுலீங்க, பயத்துல பேசிட்டாங்க. நீங்க பேசுனதும் சரிதான். கொஞ்சம் சத்தம் கம்மியாப் பேசியிருக்கலாம்." என்னவோ சமாதானம் சொன்னார். ஆனால் அம்மாவை மீறி வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகன் பிழைத்து வந்த தாயிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் நேரே டாட்டூ கடைக்குப் போனேன். இதை மறைத்துவிட முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறைக்கணும்னா இதவிடப் பெருசா, கருப்பாத்தான் போட முடியும். பேசாம காளையாவே மாத்திருவமா? முன்னாடி கவ்வுற கால் ரெண்டையும் கொம்பாக்கிரலாம். வாலு ரெடியா இருக்கு" என்றார். நான் இருந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவர். தாளில் வரைந்தே காட்டினார். தேளுக்கு மேல் காளை கச்சிதமாக உட்கார்ந்தது. என் ராசி, என் ஜாதகத்தில் உள்ளது, யாரும் குற்றம் சொல்ல முடியாதது. அதைப் போட்டோ எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா செத்த நேரம் பார்த்தார். "வேணாம் ஆத்தா. இப்ப மறைச்சா நாம பொய் சொன்னதா ஆயிரும். இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழனி பஸ்ஸிலிருந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் கம்பு. வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. மாப்பிள்ளையின் அண்ணன். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறார். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

"ஏனுங்க, அந்தத் தேளு என்னையத்தான் கொட்டப்போவுதுன்னு சொல்றாங்க. கொட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

நான் கையை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "இத்தூனூண்டுதானுங்களா? அம்மா சொன்னதக் கேட்டு நண்டு சைசுல இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினார். "பிரேக் புடிக்காமத்தானுங்க வண்டி கவுந்துச்சு. அன்னிக்கு இந்தப் புள்ள யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இது தலையில அதக் கட்டறது நாயமுங்களா?"

எந்த வளைவில் கவிழ்ந்தது என்று அப்பா கேட்டார். எத்தனை டன் லோடு, எந்த கியரில் இறக்கினீர்கள் என்று கேட்டார். இருவரும் டிரைவர்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டு, பொரியல் என்று இரண்டாம் முறை வெஞ்சனம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் வந்தவர். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே ஆயுள் முழுக்க அவருக்குக் கடமைப்பட்டவள் நான்.

கை கழுவியதும், "அந்தக் கடை எங்கீங்க இருக்குது?" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, போய்ப் பார்ப்போம் என்றுதான் சொன்னார். அப்பாவும் நானும் கூட்டிப்போனோம். கடை மாடிப்படியில் அப்பா அவர் தோளைத் தாங்கிக்கொண்டார். கடைக்காரர் வழக்கம்போலப் பிறந்த தேதி கேட்டார். "தேதியெல்லாம் வேண்டாங்க. இந்தப் புள்ள கையில இருக்குதே, அதே மாதிரி எனக்கும் போடுங்க. ஒரு கால் கொறையக் கூடாது."

"உங்க ராசி என்ன மாமா?" என்றேன். மாமா என்று அதுவாகவே வாயில் வந்துவிட்டது.

"சிம்மம். சிங்கம் போட்டுட்டுப் போனா எங்கம்மாவுக்கு சந்தோசந்தான். அதுல உனக்கென்ன புண்ணியம் சாமி?"

ஊசி இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டார். கால் நொறுங்கியதைவிட இது வலிக்கிறது என்று புலம்பினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

அன்று வீடு திரும்பியதும் அவர் கையைப் பார்த்த அந்த அம்மா, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாராம். மருமகளிடம் சொல்லித்தான் சோறு போடவைப்பாராம். அவரும் அசரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வீடெல்லாம் கம்பு ஊன்றி நடந்திருக்கிறார். அப்புறம் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு அந்த அம்மாவே போன் செய்தார். அப்பாதான் எடுத்தார்.

"ஏனுங்க, ஒண்ணு ஊட்டுக்குள்ள வந்துருச்சு. இன்னொண்ண மட்டும் வெளிய நிறுத்தி என்னத்தக் கண்டோம்? நாள் குறிச்சுப் போடலாமுங்க." பிறகு சற்று நிறுத்தி, "உங்களைய நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றாராம். "பரவால்லம்மா, பெத்த மனசு" என்றார் அப்பா. போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனவர் வெளியே வர நேரமாயிற்று.

கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அத்தை என்னிடம் குறை வைக்கவில்லை. ஆனால் மாமா இருமினால் போதும், அத்தையின் கண் என் கைக்குப் போகும். கால் சறுக்கினால் என் கைக்குப் போகும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். என் கோபத்தை எங்கேதான் மூட்டை கட்டி வைத்தேனோ. வீட்டில் இருக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன். நான் பெற்ற பிள்ளை அப்படி விழுந்து எழுந்திருந்தால் நானும் பயந்துதான் இருப்பேன்.

மாமாவின் கால் தேறியது. கம்பு மூலைக்குப் போனது. மறுபடி லாரி ஓட்டக் கிளம்பினார். ஒட்டன்சத்திரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு, கேரளாவுக்குப் போகுமுன் வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சாயங்கால வெயில். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் காட்டியாயிற்று. அவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். கிளம்புகிற வண்டிக்கு நல்ல சகுனமாக எதிரே யாராவது வரவேண்டும். அக்கா, அதாவது மாமாவின் மனைவி, தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றார். நான் வேண்டுமென்றேதான் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

அத்தை அக்காவிடமிருந்து குடத்தை வாங்கினார். நேரே என்னிடம் வந்தார்.

"நீ எதுக்க வா கண்ணு. அவன் கெளம்பட்டும்."

குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தேன். கையை மூடியிருந்த முந்தானையை அத்தையே ஒதுக்கி, என் இடுப்பில் செருகிவிட்டார். "தெரியட்டும்" என்றார். நான் தெருமுனை வரை போய்த் திரும்பி, லாரிக்கு எதிரே நடந்து வந்தேன்.