சொந்தப் பெயரில் எழுதிய மெஹர் அக்கா

மெஹர் அக்கா போய்விட்டார்.

இன்று காலை... மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

உங்களில் பலருக்கு அவரை மெஹருன்னிஸா என்ற பெயரில் தெரிந்திருக்கும். திருவண்ணாமலை பற்றி பிளாக் எழுதியவர். எனக்கு அவர் லாட்ஜ் ரிசப்ஷனில் பக்கத்து நாற்காலி.

பௌர்ணமி நெருங்கினால் போன் ஓயாது. கைக்குழந்தையோடு கிரிவலம் போகலாமா, வண்டியை எங்கே நிறுத்துவது, வழியில் பாத்ரூம் இருக்குமா... கேள்விகள் மாறவே மாறாது.

"ஒரே பதிலை எத்தினி தடவ சொல்றது கோமதி? எழுதிப் போட்டுட்டா லிங்க்கை அனுப்பிடலாம்ல?" என்றார். அப்படித்தான் பிளாக் ஆரம்பமானது.

முதலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏய், இன்னிக்கு ரெண்டு பேரு படிச்சிருக்காங்கடி!"

"ஒண்ணு நான்க்கா."

"...அப்போ இன்னொண்ணு நானு."

நாங்கள் சிரித்த சிரிப்பில் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

ஆனாலும் அக்கா விடவில்லை. லீவு நாளில் ஷேர் ஆட்டோ பிடித்து, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை போவார். தண்ணீர் வருகிறதா, குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவாக இடம் இருக்கிறதா... கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார்.

"தாழ்ப்பாள் உள்ள கழிவறைகள்" என்று ஒரு பதிவு போட்டார் பாருங்கள்... அது ஓடிய ஓட்டம்! பெண்கள் குரூப் குரூப்பாக ஷேர் செய்தார்கள்.

வாசகர்கள் ஜாஸ்தியானதும் ஒரு ஹோட்டல்காரர் புகழ்ந்து எழுதச் சொல்லி போன் செய்தார். "வந்து தங்கிப் பார்த்துட்டு எழுதறேன் சார். கொசு இருந்தா அதையும் எழுதுவேன்" என்றார் அக்கா. அந்த ஆள் மறுபடி கூப்பிடவே இல்லை.

பிறகு ஒரு நாள் அந்த கமெண்ட் வந்தது. "கிரிவலத்தைப் பற்றி எழுத நீ யார்? உன் பேரைப் பார்த்தாலே தெரியவில்லையா?" அதற்குக் கீழே இன்னும் சில, அதைவிட மோசமாக.

அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, அப்படியே மூடி வைத்தார்.

எனக்குப் பயமாகிவிட்டது. "வேற பேர் வெச்சு எழுதுங்கக்கா... எதுக்கு வம்பு?" என்றேன்.

"பொறந்த ஊரைப் பத்தி எழுத எதுக்குடி வேற பேரு?"

மறுநாள் பிளாக்கைத் திறந்தால், உச்சியில் பெரிதாக அவர் போட்டோ. தலையில் முக்காடு, முகம் நிறையச் சிரிப்பு. கீழே ஒரே வரி: "மெஹருன்னிஸா, திருவண்ணாமலைக்காரி."

அன்று சாயங்காலமே யாரோ ஒரு பெண் அந்த கமெண்ட்டுக்குப் பதில் போட்டிருந்தார். "என் பாப்பா பசியில் அழுதபோது இடம் காட்டியது இவங்க பதிவுதான். நீங்க காட்டலையே." அவரைத் தொடர்ந்து இன்னும் பலர்...

அதற்கடுத்த பௌர்ணமியில் ஒரு குடும்பம், பாட்டியை வீல்சேரில் தள்ளிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தது. ரூம் கேட்கவில்லை. "மெஹருன்னிஸா மேடம் இவங்கதானே?" என்று கேட்டு, அக்காவை நடுவில் நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாம்மா இது, ஏதோ சினிமாக்காரங்க மாதிரி..."

"எங்க அக்கா ரைட்டர் சார்!" என்றேன். ரிசப்ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி. சத்தமாக.

இன்று அக்கா வீட்டில், பிளாக்கில் செய்தியைப் போடச் சொல்லி அவர் மகள் ஷபானா போனை என் கையில் கொடுத்தாள். போட்டேன். மளமளவென்று கமெண்ட்கள் வர ஆரம்பித்தன. எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஊர்களிலிருந்து.

ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "அடுத்த முறை கிரிவலம் வரும்போது அவங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கறேன். வீட்டில் தப்பாக நினைக்கவில்லை என்றால்..."

ஷபானாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பா எதுக்குக்கா நெனைக்கப் போறோம்... வேண்டிக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கும் ஒரு தபா வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அப்படியே எழுதினேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

போயிட்டு வாங்கக்கா...