வேப்பிலை கட்டிய பதினோரு வீடுகள்

மணிமொழிக்குப் பொய் சொல்ல வராது. தொண்டூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தப் பெயர்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியம்தான் இப்போது அவளைச் சோறு தின்ன விடாமல் அடிக்கிறது.

பிறந்தது வல்லத்தில். ப்ளஸ் டூவில் நல்ல மார்க், நர்ஸ் படிக்க ஆசை. அவள் நைனா ராஜாங்கம் அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தொண்டூர் குரு, டிராக்டர் ஓட்டுகிறவன், குடிக்கமாட்டான். அந்தக் காலத்தில் அதுவே பெரிய தகுதி. பத்து வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் களை எடுத்தாள், ஆதவனைப் பெற்றாள், ஊர்ப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். நர்ஸ் ஆசையை மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று என்றுதான் அவளே நினைத்திருந்தாள்.

அப்போதுதான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில், உண்ணிக் காய்ச்சல் ஆய்வு என்று ஒரு போர்டு மாட்டினார்கள். புதரிலும் வயல் வரப்பிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று கடித்து வருகிற காய்ச்சல் அது. டாக்டர் பிருந்தா ஐந்து பெண்களை வேலைக்கு எடுத்தார். ஆளுக்கு நானூறு பிள்ளைகள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் செஞ்சிக்கு அழைத்துவந்து ரத்தம் எடுப்பார்கள்.

எதற்கு இந்தக் கணக்கு என்று முதல் நாளே மணிமொழி கேட்டாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கிடையாது. கண்டுபிடிக்கக் கம்பெனிகளுக்கு மனசு வராது, ஏழை ஜனங்களுக்கு வருகிற நோய், ஊசி போட்டால் யார் காசு கொடுப்பார்கள் என்ற பயம். அதனால் வெளிநாட்டில் ஒரு நிதி அமைப்பு, நீ கண்டுபிடி, ஏழை நாடுகளுக்கு நாங்களே மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. ஆனால் சும்மா எழுதமாட்டார்கள். இரண்டாயிரம் பிள்ளைகளில் வருஷத்துக்கு இருபது பேருக்காவது வருகிறது என்று காட்டச் சொல்கிறார்கள்.

"நீ மல்லாட்ட போடு, வெளஞ்சதும் நானே எடுத்துக்கறேன்னு வியாபாரி வாக்கு குடுக்கற மாரி, அப்படித்தானே மேடம்?" என்றாள் மணிமொழி.

"அதேதான். வாக்கு கெடைச்சாதான் வெதைக்கவே ஆள் வரும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் நடையே வேறு. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், பழைய ஸ்கூட்டி. குரு கூட, "இன்னா கலெக்டரம்மா, சோறு கெடைக்குமா?" என்று கிண்டல் செய்தான். மழையோ வெயிலோ அவள் ஒரு வீடு விட்டதில்லை. அவள் பதிவைச் சரிபார்க்கவே வேண்டாம் என்று ஆபீசில் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை.

மார்கழியில்தான் அது ஆரம்பித்தது. முதல் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து. உள்ளே பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்திருந்தது. அம்மை போட்டு அம்மா வந்திருக்கிற வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கக்கூடாது, பிள்ளைக்கு என்ன என்று கேட்கவும் கூடாது. மணிமொழி தெருவிலேயே செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

டேப்லெட்டில் மூன்றே கட்டங்கள். காய்ச்சல் உண்டு, காய்ச்சல் இல்லை, வீடு பூட்டியிருந்தது. கதவு திறந்திருக்கிற வீட்டைப் பூட்டியது என்று எழுதினால் பொய். அம்மா வந்ததைக் காய்ச்சல் என்று எழுதினால் தெய்வக் குற்றம். எனவே பொய்யே சொல்லத் தெரியாத நம் மணிமொழி யோசித்து யோசித்து, "காய்ச்சல் இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டாள். அவள் புத்தியில் அது பொய்யாகப் படவே இல்லை. மறக்காமல் இருக்கத் தன் சொந்த நோட்டில் மட்டும் அந்த வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பிலை வரைந்துவைத்தாள்.

தை முடிவதற்குள் நோட்டில் பதினோரு வேப்பிலை சேர்ந்துவிட்டது. பத்துப் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். ஜெயசுதாவின் மகள் எழில் மட்டும் எழவில்லை. ஐந்து வயது. அம்மா தன்னோடு கூட்டிக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. மணிமொழியும் போய் ஜெயசுதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அதையே சொல்லித் தேற்றினாள்.

மாசியில் அவள் வீட்டிலேயே வந்தது. ஆதவனுக்கு நெருப்பாய்க் காய்ச்சல், மூன்றாம் நாள் உடம்பெல்லாம் பொரி. குரு வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகிவிட்டான். மணிமொழி பிள்ளைக்கு டிராயர் மாற்றும்போது இடுப்புக்குக் கீழே கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தாள். பீடி நெருப்பு பட்ட தழும்பு மாதிரி. பயிற்சியில் அதே படத்தைக் காட்டி, பூச்சி கடித்த இடம் இது, பார்த்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பிள்ளையை அழைத்துவாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலில் வேப்பிலையைப் பார்த்ததோடு திரும்பியவளுக்கு, உள்ளே பிள்ளை உடம்பில் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒருநாளும் தோன்றவில்லையே!

"அம்மா வந்த புள்ளைய வெளிய இட்டுனு போறியா? உனக்கு பைத்தியம் புடிச்சிருக்குதா?" என்று குரு வாசலை மறித்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். உண்ணிக் காய்ச்சல்தான். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது, நான்காம் நாள் பையன் பிரியாணி கேட்டான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சிரித்த சிரிப்பை மணிமொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை சுலபமாகப் பிழைக்கிற காய்ச்சலா இது? தன் பிள்ளை என்றதும் வேப்பிலையைத் தாண்ட முடிந்ததே, ஜெயசுதா பிள்ளைக்கு ஏன் முடியவில்லை? கணக்கில் அவள் மகன் பதின்மூன்றாவது ஆள் ஆனான். அவள் விட்ட பதினோரு பேரும் அந்தக் கணக்கில் இல்லை.

அந்த நிதி அமைப்புக்கு அறிக்கை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. "பதிமூணுதான் தேறுது. அவ்ளோதான், வேற நோய்க்குப் போயிடுவாங்க" என்று டாக்டர் சோர்ந்துபோய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிடும் என்பது. ஆறாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

டாக்டர் பிருந்தா ஒவ்வொரு வேப்பிலையாக விரல் வைத்துப் பார்த்தார். "திட்டுங்க மேடம்" என்றாள் மணிமொழி.

"திட்டி இன்னா ஆவப்போவுது? நான் கட்டம் போட்டப்போ அம்மைக்குன்னு ஒரு கட்டம் போடணும்னு எனக்கும் தோணல" என்றவர் குரல் உடனே இறுகியது. "ஆனா நீங்க கேட்டிருக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும், மணிமொழி."

நோயின் தடம் ரத்தத்தில் பல மாதம் தங்கும் என்றார். பெற்றவர்கள் சம்மதித்தால் இப்போதும் சோதிக்கலாம், தாமதமாகக் கண்டது என்று தனியாக எழுதி அனுப்பலாம். ரத்தம் எடுக்க வேறு ஆள் வருவார். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்ல வேண்டியது மணிமொழியின் வேலை.

சொன்னாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். விருத்தாம்பாள் என்ற பாட்டி மட்டும், "ஆத்தா சமாச்சாரத்துல ஊசிய வுட்டு நோண்டறியே, நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள், ஆனாலும் பேரனின் கையை நீட்டவிட்டாள். பத்துப் பிள்ளைகளின் ரத்தம் போனது. ஆறு பேருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துபோயிருந்தது. மற்ற நாலு பேருக்கும் அம்மையாகவே இருக்கலாம்.

"பத்தொம்போது" என்றார் டாக்டர். "ஒண்ணு பத்தல. இன்னொரு வருஷம் டைம் குடுங்கன்னு கேட்டு எழுதறேன். குடுப்பாங்களான்னு தெரியல."

அந்த ஒன்று யார் என்று இருவருக்கும் தெரியும். புதைத்த பிள்ளையிடம் ரத்தம் எடுக்க முடியாது. அந்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். மணிமொழி நேராக அங்கேதான் போனாள்.

ஜெயசுதா வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மணிமொழி நின்றபடியே சொன்னாள். "ஜெயா, எழிலுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சலா இருந்திருக்கும்னு தோணுது. நிச்சயமா சொல்ல இப்ப வழி இல்ல. நான் அன்னைக்கே எழுதியிருந்தா செஞ்சிக்கு இட்டுனு போய் மாத்திர குடுத்திருப்பாங்க. நான் காய்ச்சல் இல்லன்னு எழுதிட்டேன்."

ஜெயசுதா கையிலிருந்த காயை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"அது மூணாம் நாளு, அக்கா. பொண்ணு கண்ணே தொறக்கல. உன் வண்டி சத்தம் கேட்டுச்சு. உன்ன ஒரு வார்த்த கேக்கலாம்னு எழுந்து நெலப்படி வரைக்கும் வந்தேன். நீ வேப்பிலையப் பாத்து கன்னத்துல போட்டுக்கினு வண்டியத் திருப்பிட்ட. படிச்ச அக்காவே கும்பிட்டுட்டுப் போவுது, அப்போ அம்மாதான்னு நானும் உள்ள போயிட்டேன்."

திட்டியிருந்தால் மணிமொழி வாங்கிக்கொண்டிருப்பாள். நிலைக்கு மேலே ஆணியில் அந்த வேப்பிலைக் கொத்து இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாகத் தொங்கியது.

ஜெயசுதா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். "உள்ள வா. வந்து எழுது."

மணிமொழி படியைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். பதினோராவது வேப்பிலைக்குப் பக்கத்தில், எழில், வயது ஐந்து, காய்ச்சல் உண்டு என்று எழுதினாள். எந்தக் கணக்கிலும் இது சேராது என்று தெரிந்தே நோட்டைத் தாயிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். ஜெயசுதா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும் வரை மணிமொழி தலையை நிமிர்த்தவில்லை.