படகு ஹீட்டரும் மூன்று செத்தல் மிளகாயும்

எனக்கு எழுத்து வராது. நான் கதைக்கக் கதைக்கப் பேத்தி எழுதுகிறாள்.

எண்பதுகளில் நாங்கள் வெளிநாட்டில், ரெனான் என்ற ஊரில் இருந்தோம். ஊரில் லொறி மெக்கானிக்காக இருந்த என் மருமகன், அங்கே ஏரியில் மீன் பிடிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரோடு வலை இழுத்தார். கிழவருக்கு முழங்கால் வருத்தம். படகின் சின்ன அறைக்குள் குளிர் தாங்க முடியவில்லை, இந்த மாரிக்காலத்தோடு படகை விற்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். படகு போனால் மருமகனின் வேலையும் போகும். வேலை இல்லாமல், அந்த நாட்டில் இருக்கிறதற்கான பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போய் நின்றால் என்ன சொல்வது?

புது ஹீட்டர் வாங்க யாருக்கும் வசதியில்லை. மருமகன் பழைய லொறிகள் உடைக்கிற இடத்தில் ஒரு டீசல் ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். உடைக்கிறவர் காசு கேட்கவில்லை, இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் என் ரோல்ஸ்தான் கேட்டார். நான் முப்பது பொரித்துக் கொடுத்தேன். என் ரோல்ஸ் வெடிக்காது, மாவைக் கொஞ்சம் தண்ணியாகக் கரைக்க வேண்டும், அது வேறு கதை.

ஹீட்டர் சப்பாத்துப் பெட்டி அளவுதான். உள்ளே ஒரே கரி.

"மாமி, தொடாதேங்கோ. கையெல்லாம் கரியாப் போயிடும்."

"இது பெரிய மண்ணெண்ணெய் குக்கர்தானே தம்பி! நான் எத்தினை குக்கர் துப்பரவாக்கின ஆள்!"

பழைய பல்லுத் தீட்டும் பிரஷால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். லொறிச் சாமானுக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டுமாம், படகில் பன்னிரண்டுதான். மருமகன் இரண்டு பழைய பற்றரிகளை ஒன்றோடொன்று தொடுத்தார். படகின் தாங்கியிலிருந்தே டீசல் எடுத்தார். படகின் பக்கத்தில், தண்ணீருக்கு நன்றாக மேலே துளை போட்டுப் புகைக்குழாயை வெளியே விட்டார். "புகை உள்ளுக்கு வந்தால் ஆள் நித்திரையிலையே போயிடும்" என்று குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று ஊதி ஊதிப் பார்த்தார்.

முதல்முறை ஓட விடும் நாளில் நானும் போனேன். இவ்வளவு நல்ல சாமானுக்கு நாவூறு, கண்ணூறு படாதா? ஊரில் என்றால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவேன். படகில் அடுப்பு எது? இதுதானே! மூன்று செத்தல் மிளகாயைச் சீலைத்துண்டில் முடிந்து, சூட்டுக்காற்று வரும் வாய்க்குள் தள்ளிவிட்டேன். ஒருவரும் காணவில்லை.

பம்ப் டிக் டிக் என்றது. காற்று வெதுவெதுப்பாக வந்தது. கிழவர் கையுறையைக் கழற்றிச் சிரித்தார். பிறகு இருமினார். மருமகன் இருமினார். நானும் இருமினேன். கிழவர் கண்ணீர் வழிய ஹீட்டரை நிற்பாட்டி, துறையில் ஏறி நின்று கத்தினார்.

மருமகனின் முகம் செத்துப்போனது. "புகை ஒழுகுதாம் மாமி. கழட்டி எறியட்டாம். நாளைக்கே படகை விக்கிறாராம்." படுத்துக்கிடந்து பொருத்துகளைத் தடவத் தொடங்கினார்.

என்னால் பார்க்க முடியவில்லை. "தம்பி, குழாய் நல்லாத்தான் இருக்கு. மூண்டு செத்தல் மிளகாய் வைச்சனான்."

"என்னது?"

"நாவூறுக்கு. இருமல் வந்ததெண்டால் நாவூறு இல்லை, பயப்பிடாதேங்கோ."

"மாமி! என்ரை வேலையே போகப்போகுது, நீங்கள் நாவூறு கழிக்கிறியளோ!"

முடிச்சை எடுத்துக் கிழவரிடம் காட்டினார். கிழவர் மணந்து பார்த்துத் தும்மினார். ஆனாலும் நம்பவில்லை. முதலில் அந்த மனுசி உள்ளே இருந்து காட்டட்டும் என்றாராம்.

மருமகன் இன்னொருமுறை நுரை பூசிப் பார்த்து ஹீட்டரை ஓட விட்ட பிறகு, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பையில் கொண்டுபோன ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டேன். கிழவர் வெளியே நின்று ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார். நான் மேல்கோட்டைக் கழற்றினேன், பிறகு ஸ்வெட்டரையும் கழற்றினேன். அந்த நாட்டுக்கு வந்து எனக்கு முதல்முறையாகக் கால் விரல் சுட்டது!

கிழவர் உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றி, முழங்காலைக் காற்றுக்கு நேரே நீட்டிக் கண்ணை மூடினார். நாளைக்கு எத்தனை மணிக்கு வலைக்குப் போவது என்று மருமகன் மெல்லக் கேட்டார்.

கிழவர் கண்ணைத் திறக்காமலே ஐந்து விரலைக் காட்டினார்.