மூலையில் ஒரு ஸ்டூல்

பல் தேய்த்துக்கொண்டே உலகச் சாம்பியன்கள் பதினேழு பேரைத் தரையில் சாய்த்தவர் இந்தப் பூமியில் என் அத்தை ஒருவர்தான். பதினெட்டாவது ஆள் இந்த நிமிடம் குளியலறைக் கண்ணாடிக்குள் நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு இடது கையில் பிரஷ், வலது கையில் முஷ்டி, வாயோரம் நுரை. கதவைத் தட்டினால், "ரவுண்டு முடியட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒரே ஒரு குளியலறை உள்ள வீட்டில் இது எவ்வளவு பெரிய வீரச்செயல் என்பது வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

உண்மையில் அத்தை இதுவரை யாரையும் அடித்ததில்லை. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு, வயது நாற்பத்தேழு. பதினாறு வருடம் தண்ணீர்த் தொட்டிக்கும் தரை துடைக்கும் குச்சிக்கும் விளம்பரப் படம் எடுத்தவர். போன வருடம் முதல் முறையாகப் பெரிய படம் கிடைத்தது. குத்துச்சண்டைக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை. அன்றிலிருந்து அவர் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்குகிறது. அது குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும்.

அந்த ஸ்டாப்வாட்ச் எங்கள் குடும்பச் சண்டைகளையே மாற்றிவிட்டது. அத்தை என் அப்பாவிடம் மூன்று நிமிடம் சண்டை போடுவார். பிறகு, பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, ஒரு நிமிடம் மூச்சு வாங்குவார். கடிகாரம் கூவியதும் எழுந்து, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். "என் தங்கச்சிகிட்ட சண்டை போடறதுல ஒரு வசதி இருக்கு. நடுவுல சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்பார் அப்பா. ஆனால் நான் பார்த்தவரை அந்த ஒரு நிமிடத்தில் அவர் சாப்பிட்டதில்லை. அடுத்த ரவுண்டுக்கு என்ன பதில் சொல்வது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்.

அத்தையின் படமும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியதுதான். குத்துச்சண்டைப் படம் என்றால் மேடைக்குள் கேமரா சுற்றிச் சுற்றி ஓடும், வியர்வைத் துளி மெதுவாகப் பறக்கும், ஒவ்வொரு குத்துக்கும் இடி இடிக்கும். அத்தை கேமராவைக் கயிற்றுக்கு உள்ளேயே விடவில்லை. மூலையில், ஸ்டூல் உயரத்தில் வைத்துவிட்டார். சண்டை எங்கோ தள்ளி நடக்கும். ரவுண்டு முடிந்து ஆள் வந்து ஸ்டூலில் உட்காரும்போதுதான் படமே தொடங்கும். முகத்தைத் துடைக்கிறார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், துப்புகிறார், காதில் ஏதோ சொல்கிறார்கள், தலையாட்டுகிறார், மணி அடிக்கிறது.

"குத்தறப்ப ஒவ்வொருத்தனும் ஒரே மாதிரிதான் இருக்கான். உக்காரும்போதுதான் அவன் யாருன்னு தெரியுது" என்று அத்தை யாரைப் பார்த்தாலும் சொல்வார். காய்கறிக் கடைக்காரரிடமும் சொன்னார். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சவுண்டு அண்ணன் குத்துச் சத்தத்துக்காக ஈரத் துண்டு, பூசணிக்காய், பழைய சோபா எல்லாவற்றையும் அடித்துப் பதிவு செய்துகொண்டு வந்தார். சோபா பிரமாதமாகக் கத்தியது. அத்தை கண்ணை மூடி முழுவதும் கேட்டுவிட்டு, "இது அடிச்சவன் காதுல விழற சத்தம் தம்பி. நமக்கு வாங்கினவனோட காது வேணும்" என்றார். இப்போது படத்தில் குத்துச் சத்தமே இல்லை, ஒரு மனிதனின் மூச்சு மட்டும்தான். சோபாவை அடித்த அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

நாலு மாதம் ஜிம்முக்குப் போய் வயிற்றில் கட்டம் கட்டமாக வளர்த்துக்கொண்டு வந்த ஹீரோவின் கதை இன்னும் பாவம். அத்தை அந்தக் கட்டங்களை ஒரு தொளதொளப் பனியனுக்குள் புதைத்தார். பத்து நாள் அவருக்குக் குத்தச் சொல்லித் தரவில்லை, உட்காரச் சொல்லித் தந்தார்.

"மேடம், உக்காரத் தெரியாமயா இருபத்தெட்டு வருஷம் இருந்தேன்?"

"தெரியாது. நீ ஸ்டூலைப் பாத்து உக்காருறே. அடி வாங்கினவனுக்குக் கண்ணு எதிர்மூலையிலதான் இருக்கும். ஸ்டூலை முழங்காலோட பின்பக்கம்தான் தேடும். எந்திரி, மறுபடி உக்காரு."

இதை அத்தைக்குச் சொல்லித் தந்தவர் பூட்டுக்காரர். படத்தின் கதையே அவருடையதுதான். ஒரு கதவு அகலத்தில் கடை வைத்து, சாவி அறுத்துக்கொண்டிருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன் நாட்டுச் சாம்பியன் பட்டத்துக்கான கடைசிப் போட்டியில் இரண்டாவது ரவுண்டிலேயே வலது கையின் இரண்டு விரல்கள் உடைந்தன. மூன்றாவது ரவுண்டையும் நின்று முடித்தார். புள்ளிக் கணக்கில் தோற்றார். அந்த விரல்கள் இன்றும் மடங்காது. அவற்றை நீட்டியபடியே எந்தப் பூட்டையும் திறப்பார்.

எனக்கு அவர் மேல் பாசம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடக் கேட்டின் பூட்டில் நான் பசை ஊற்றிய அன்று அதைத் திறக்க வந்தவர் அவர்தான். பூட்டை முகர்ந்தார், என்னைப் பார்த்தார், தலைமையாசிரியரிடம் "துரு சார்" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம்.

படம் எடுக்க அவர் ஒப்புக்கொண்டபோது அத்தையிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார். "என் கையைத் தூக்கற மாதிரி மட்டும் எடுத்துடாதம்மா. நான் தோத்தது இந்தத் தெருவுக்கே தெரியும். நாளைக்குப் படத்துல ஜெயிச்சேன்னு வந்தா, கடைக்கு வர்றவன் சிரிப்பான். பொய்யன்னு பேர் வாங்கின பூட்டுக்காரன்கிட்ட எவன் வீட்டுச் சாவியைக் குடுப்பான்?"

"எடுக்க மாட்டேண்ணே" என்றார் அத்தை.

அந்த வாக்குக்கு வேட்டு வைத்தவர் தயாரிப்பாளர். சிமெண்டு வியாபாரத்தில் பெரிய ஆள், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் சிமெண்டு. முக்கால் படம் முடிந்த பிறகுதான் கடைசிக் காட்சியைப் படித்தார் போலிருக்கிறது. நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்த ஜனம், கடைசியில தோத்தவன் மூஞ்சியப் பாத்துட்டா பஸ் ஏறணும்?"

"பஸ்ல போறவங்கள்ல எத்தன பேர் சார் ஜெயிச்சவங்க?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜெயிக்கற மாதிரி எடு. நீ எடுக்கலைன்னா, எடுக்கறதுக்கு ஆள் இருக்கு. ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். சிமெண்டுக்கு இந்தப் பழக்கம் தெரியாது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று என் அம்மாவிடம் ஜாடையில் கேட்டார். கடிகாரம் கூவியது.

"ரெண்டு முடிவும் நானே எடுக்கறேன். ஒண்ணுக்கு ஒண்ணு குறையாம எடுக்கறேன். ரெண்டையும் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அன்று மாலையே அத்தை கடைக்குப் போய்ப் பூட்டுக்காரரிடம் இதைச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் இயந்திரத்தை ஓட்டி ஒரு சாவியை அறுத்து முடித்து, பூட்டில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. அந்தச் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இழுப்பறையில் போட்டார்.

என் கெட்ட புத்தி அங்கேதான் விழித்தது.

கடைசிப் போட்டியை ஒரு விளையாட்டு அரங்கில் எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் பற்றாமல் சொந்தக்காரர்களையெல்லாம் உட்கார வைத்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை. ஜெயிக்கிற முடிவு முதலில். நடுவர் ஹீரோவின் கையைத் தூக்க, அரங்கமே எழுந்து கூச்சல் போட வேண்டும். எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தபடி, தாடை கழன்று மடியில் விழுகிற அளவுக்கு ஒரு கொட்டாவி விட்டேன். முதல் டேக் முடிந்ததும் அத்தை கேமராமேன் காதில் ஏதோ முணுமுணுத்தார். வெளிச்சம் சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டேக்கிலும் கொட்டாவி. ஐந்தாவதிலும். பதினோரு டேக், பதினோரு கொட்டாவி. பக்கத்தில் இருந்த சித்தப்பாவுக்கே தொற்றிக்கொண்டு அவரும் இரண்டு விட்டார். அத்தையோ கொஞ்சமும் சலிக்கவில்லை. "கை இன்னும் மேல போகணும். கண்ணுல தண்ணி தானா வரட்டும், கசக்காத. பொய் சொன்னா முழுசாச் சொல்லணும்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். பாவம், இவ்வளவு பாடுபட்டு எடுப்பதை நான் ஒருத்தி குப்பையாக்குகிறேனே என்று எனக்கே ஒரு நொடி வருத்தமாக இருந்தது. அந்த ஒரு நொடிதான்.

தோற்கிற முடிவை ஒரே டேக்கில் எடுத்தார். எதிராளியின் கை உயர்கிறது. ஹீரோ மூலைக்கு வந்து, முழங்காலின் பின்புறத்தால் ஸ்டூலைத் தேடி உட்காருகிறார். கையுறையின் கயிற்றை வெட்டுகிறார்கள். கூட்டம் கலைகிறது. நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம். அவர் எழுந்திருக்கவில்லை, தலையையும் குனியவில்லை. கடைசியில் அரங்கப் பணியாளர் வந்து, "அண்ணே, அந்த ஸ்டூல்" என்கிறார். எழுந்து, உடைந்த கை படாமல் இடது கையால் அதை எடுத்துக் கொடுக்கிறார். முடிந்தது.

மூன்று வாரம் கழித்து எடிட்டிங் அறையில் சிமெண்டுக்கு இரண்டையும் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. என் கொட்டாவி பெரிய திரையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

ஜெயிக்கிற முடிவு ஓடியது. கை உயர்ந்தது. கூட்டம் எழுந்தது. மூன்றாவது வரிசையைத் தேடினேன். மூன்றாவது வரிசையே இல்லை. கையும் முகமும் வெளிச்சமுமாகத் திரை நிறைந்து கிடந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கே கைதட்டத் தோன்றியது. சிமெண்டு தொடையைத் தட்டி, "இதைத்தாம்மா சொன்னேன்!" என்றார். எனக்கு இழுப்பறையில் விழுந்த சாவியின் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணையும் பாத்துடுங்க சார்" என்றார் அத்தை.

அது ஓடி முடிந்தது. சிமெண்டு எதையும் தட்டவில்லை. எதிரில் வைத்திருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. "அப்புறம் அவன் வீட்டுக்கு எப்படிப் போனான்?" என்று கேட்டார்.

அத்தை நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "மொத முடிவைப் பாத்துட்டு நீங்க இதைக் கேக்கலையே சார்."

சிமெண்டு ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கசந்திருக்க வேண்டும், முகம் அப்படிக் கோணியது. "ஸ்டூலையே வையி. ஓடலைன்னா என்ன பண்ணுவே?"

"ஒரு நிமிஷம் உக்காருவேன். அப்புறம் அடுத்த படம்."

"திமிரு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "சொல்லும்மா, எப்படித்தான் போனான்?" என்று கேட்டார். "நடந்து" என்றார் அத்தை.

அவர் தலை மறைந்ததும் நான் மெல்ல அத்தை பக்கத்தில் நாற்காலியை நகர்த்தினேன். "அத்தை, அந்த மொத முடிவு எடுத்த அன்னைக்குக் கூட்டத்துல யாரோ சரியா நடிக்கலைன்னு பேசிக்கிட்டாங்களே, அப்படியா?" என்று பச்சைப் பிள்ளை மாதிரிக் கேட்டேன்.

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. "எடிட்டர் தம்பி, டேக் ஒண்ணு போடுங்க."

திரையில் மூன்றாவது வரிசை வந்தது. நடுவில் நான். அண்ணாக்குவரை தெரியும்படி ஒரு குகை. அத்தை அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டாவது டேக்குலயே லென்ஸை மாத்தி உன் வரிசையையே வெட்டிட்டேன். மிச்சம் பத்து தடவையும் நீ சும்மா வாய் வலிக்கத் திறந்தேடி."

"தெரிஞ்சுதுன்னா என்னை வெளிய அனுப்பியிருக்கலாம்ல? இல்ல, அப்படியே விட்டிருக்கலாம்ல? பூட்டுக்காரருக்காகத்தான் அத்தை..."

"தெரியும். அவருக்கு நான்தான் வாக்குக் குடுத்தேன், நீ இல்ல. அந்தப் பொய் ரெண்டு காலையும் ஊனி நிக்கணும்னுதான் பதினோரு டேக் எடுத்தேன். நின்னாத்தான் நேருக்கு நேர் அடிக்க முடியும். கொட்டாவி விட்டு ஜெயிக்கறதுக்கு எதுக்குடி சண்டை?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர். வழக்கம்போல வாயைத் திறந்தேன். அத்தை திரையில் இருந்த என் வாயைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என் வாயைப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவில்தான் திறந்திருந்தன போலிருக்கிறது. என் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து மேலே தள்ளி, மூடினார்.