சித்திக்காகச் சேர்த்த மருந்துப் பை

என் சித்தி டாக்டர். அதிலும் சாதாரண டாக்டர் இல்லை. ஆப்பிரிக்காவில், ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டிய ஊர்களில் போய் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பவர். விடுமுறைக்கு அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு அவர் வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், லிஃப்டில் ஏறுகிறவர்களையெல்லாம் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடுவேன். இப்போதும் அந்தப் பழக்கம் விட்டபாடில்லை.

ஒருமுறை பெருமையடிப்பதோடு நிற்காமல் சேவையிலும் இறங்கினேன். "எங்க சித்தி ஏழைங்களுக்குக் கொண்டு போகணும், மிச்ச மருந்து இருந்தா குடுங்க ஆன்ட்டி" என்று வீடு வீடாகக் காலிங்பெல் அடித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மருந்துக்கெல்லாம் விமோசனம் கிடைத்தது. பாதி இருமல் மருந்து, கிழித்தது போக மிஞ்சிய மாத்திரை அட்டை, மூடி ஒட்டிக்கொண்ட கண் சொட்டு மருந்து. கொடுத்தவர்கள் முகத்திலெல்லாம் புண்ணியம் செய்த பூரிப்பு. துணிக்கடைப் பை நிறைந்துவிட்டது.

கீழே வாசலில் இஸ்திரி போடும் அக்கா என்னைக் கூப்பிட்டார். வண்டிக்கு அடியில் அவர் மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"ராவுலேர்ந்து ஜொரமா கீது பாப்பா. அதுல ஜொர மருந்து இருந்தா கொஞ்சம் குடேன்."

முதல் நோயாளியே கிடைத்துவிட்டாள்! நான் ஒரு பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தபோது, கடைக்குப் போய்விட்டு வந்த சித்தி அதை என் கையிலிருந்து வாங்கினார். காலாவதித் தேதியைப் பார்த்தார். பையையும் வாங்கிக் கிளறினார்.

"இதை உனக்குக் குடுத்தா நீ குடிப்பியா?"

"எனக்கு எதுக்கு சித்தி? இது அவங்களுக்கு."

சித்தி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். எங்கள் சோபாவில் கிடத்தி, இமையை இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். பிறகு வயிற்றில் விரலால் தட்டி, "உள்ள யாரு? கதவைத் திறங்க" என்றார். அவள் காய்ச்சலிலும் சிரித்துவிட்டாள். அப்பாவை மருந்துக்கடைக்கு விரட்டிப் புது மருந்து வாங்கிவரச் செய்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அக்காவுக்குப் பொறுமையாக விளக்கினார். என் பை மொத்தமும் குப்பைக்குப் போயிற்று.

பை போனதுகூடப் பெரிதில்லை. வயிற்றில் தட்டிக் கதவைத் திறக்கச் சொல்லும் அந்த விளையாட்டைச் சித்தி என்னோடு மட்டுமே விளையாடுவார் என்று நினைத்திருந்தேன். சித்திக்குத் தன் சொந்த அக்கா மகளான எனக்கும் இஸ்திரி வண்டியடியில் கிடக்கும் பெண்ணுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா என்று அறைக்குள் போய் அழுதேன். அந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாததால்தான் என் சித்தி அவ்வளவு பெரிய டாக்டர் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.