அண்ணி காற்று வாங்குகிறார்

பம்பின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டுகிறார் அண்ணி. சத்தம் சீராக இருக்கிறதாம். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அலறுகிறது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதைச் சொருகிக்கொண்டு, "காத்து வாங்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அந்தப் பக்கம் இருந்தது கணவர். கல்யாணமான புதிதில் அவர் இதை அப்படியே நம்பிவிட்டாராம். வேலை நேரத்தில் மொட்டை மாடியில் உலாத்துகிறாள் என்று தன் அம்மாவிடம் போய்ச் சொல்ல, மாமியார் கையோடு கிளம்பிப் பட்டறைக்கே வந்துவிட்டார். வந்து பார்த்தால், மருமகள் ஒரு பிளாஸ்டர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றிருக்கிறார்.

அண்ணி செயற்கைக் கால் செய்பவர். மிச்சமிருக்கும் காலின் அச்சைப் பிளாஸ்டரில் எடுத்து, அதற்குத் துணியுறை மாட்டி, மேலே பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, பைக்குள் ரெசின் என்கிற பிசினை ஊற்றுவார். இறுகினால், கால் உட்காரும் கூடு தயார். கேட்கச் சுலபம். ஆனால் துணியின் இழைக்கு இழை காற்று ஒளிந்திருக்கிறது. பம்ப் அதையெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடம் சொரசொரப்பாகித் தோலை உரசும். கனம் விழுகிற இடமென்றால் விரிசலும் விடும். வியாபாரம் இல்லாத கடையைக் காற்று வாங்குகிறது என்பார்கள். இங்கே காற்று வாங்கினால்தான் வியாபாரம்.

குமிழ் என்றால் அண்ணிக்கு ஜென்மப் பகை. சோடா தொடமாட்டார். முதுகுப் பட்டைக்கு அளவு கொடுக்கப் போன என்னிடம் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் போனைப் பிடுங்கி, கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தாளுக்கடியில் கிடந்த குமிழை நகத்தால் தள்ளி வெளியேற்றினார். அதற்குப் பிறகுதான் அளவு நாடாவையே எடுத்தார்.

அவரைப் பட்டறைக்கெல்லாம் அண்ணியாக்கியவர் கொழுந்தன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பைக் விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வாசலில் நுழையும்போதே "அண்ணி" என்று கத்திக்கொண்டு வருவார்; கேட்டுக் கேட்டு எல்லார் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவருக்கு அண்ணி செய்த முதல் கூடு உரசிப் புண்ணாக்கியது. இரண்டாவதும் அப்படியே. பள்ளி திறக்கும்போது மைதானத்தில் நிற்க முடிந்தால் பழைய வேலை, முடியாவிட்டால் நூலகத்தில் உட்காரும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மனிதரோ புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே கொட்டாவி விடுகிறவர். "இதுவும் உரசுச்சுன்னா விட்டுடுங்க அண்ணி, புக்குக்கு அட்டை போட்டுக்கிட்டுக் கிடக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது கூட்டை வார்த்தபோது நான் அங்கே இருந்தேன். பட்டைக்கு வந்தவன், வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ரெசினை ஊற்றி, பையைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, மேலிருந்து கீழாக வழித்துக்கொண்டே வந்தார். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற பக்குவம். "இறங்கு, இறங்கு, உனக்கு இங்க என்ன வேலை" என்று குமிழ்களை அதட்டினார். அவையும் இறங்கிப் போயின. முழங்கால் பக்கம் மட்டும் புதிது புதிதாக முளைத்துக்கொண்டே இருந்தன. அண்ணி காதை வைத்தார். பையில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. பம்ப் வாங்க வாங்க, வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ரெசின் கசிந்த இடத்தில் டேப் ஒட்டவில்லை. இரண்டு முறை ஒட்டிப் பார்த்துவிட்டு, கையுறை விரலால் ஓட்டையை அழுத்தினார். குமிழ் நின்றது. விரலை எடுத்தால் மறுபடி முளைக்கும். ஆக, ரெசின் இறுகும்வரை நகர முடியாது.

அந்தக் கோலத்தில் நிற்கும்போதுதான் கொழுந்தன் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார்.

"என்ன அண்ணி, பிடிச்சு வச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"உன் காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், தெரியலையா? உங்கண்ணன் காலைக்கூட நான் பிடிச்சதில்ல."

பட்டறையே சிரித்தது. பிடித்ததுதான் பிடித்தீர்கள், நன்றாகப் பிடியுங்கள் என்று கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணிக்கு மூக்கு அரித்தபோது கைக்குட்டையால் சொறிந்துவிட்டவரும் அவரே. இறுகும்போது ரெசின் சூடேறும். அண்ணியின் முகம் சுளித்தது, விரல் மட்டும் அசையவில்லை. எனக்கு அந்த விரல் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

போட்டுப் பார்க்கிற நாளில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, இருந்தும் போனேன். வாசலின் சிமெண்டுத் தரையில் கொழுந்தன் போனார், வந்தார், மறுபடி போனார். கழற்றச் சொல்லி அண்ணி தோலைத் தடவிப் பார்த்தார். எங்கும் சிவக்கவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டவர், நல்ல காலைத் தரையிலிருந்து தூக்கினார். புதுக் காலில் மட்டும் நின்றார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அண்ணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

"வேணாம் அண்ணி" என்றார் கொழுந்தன், மெதுவாக.

அண்ணி நின்றார். நீட்டிய கைகளை மெல்ல இழுத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.